கைஃபெங் நகரத் தோற்சுருள்கள்

உரைநடை உலகம்

ஒரு மொழி மக்களிடமிருந்து எவ்வாறு நீங்குகிறது? படையெடுப்பாலும் தடையாலும் நீங்கிய மொழிகள் பல. பகையே இல்லாத இடத்திலும் மொழி நீங்குவதுண்டு. கற்பிப்பவர் குறைந்து, கற்பவர் குறைந்து, இறுதியில் ஏடு மட்டும் எஞ்சி, அதை வாசிப்பார் எவருமில்லாத நிலை வருவதுண்டு. சீனநாட்டின் கைஃபெங் நகரில் எழுநூறு ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்த யூதக் குடியினரின் வரலாறு இதற்குச் சான்றாகும். அம்மக்களே வெட்டிவைத்த கல்வெட்டுகளும், அவர்களைக் காணச் சென்றோர் எழுதிவைத்த குறிப்புகளும் அவ்வரலாற்றை நமக்கு அறிவிக்கின்றன.

ஒரு சந்திப்பும் ஒரு தவறும்

1605ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதி. பெய்ஜிங் நகரில் வாழ்ந்த இத்தாலியத் துறவியான மத்தேயோ ரிச்சியைக் காண ஒருவர் வந்தார். அறுபது வயதை ஒட்டிய அம்முதியவரின் பெயர் ஆய் தியான். கைஃபெங் நகரைச் சேர்ந்த அவர், மாகாண அளவிலான அரசுத் தேர்வில் தேர்ச்சி பெற்றவர். அரசுப் பணி நாடித் தலைநகருக்கு வந்திருந்தார். வெளிநாட்டார் சிலர் பெய்ஜிங்கில் தங்கி ஒரே இறைவனை வழிபடுவதாகவும், அவர்கள் இசுலாமியர் அல்லர் என்றும் ஒரு நூலில் அவர் படித்திருந்தார். அவ்வாறாயின் அவர்கள் தம் சமயத்தினராகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, பெருமகிழ்ச்சியுடன் தேடி வந்தார்.

ரிச்சி அவரைத் தம் வழிபாட்டிடத்திற்கு அழைத்துச் சென்றார். அங்கே ஓர் ஓவியம் இருந்தது. அதில் மரியாளும் குழந்தை இயேசுவும் சிறுவனாகிய யோவானும் தீட்டப்பட்டிருந்தனர். ஆய் தியானின் கண்களுக்கோ அவர்கள் ரெபெக்காளும் அவளுடைய இரட்டை மக்களாகிய யாக்கோபும் ஏசாவுமாகத் தோன்றினர். தம் மரபில் உருவங்களை வணங்குவதில்லை என்றும், ஆயினும் தம் முன்னோர்க்கு மதிப்புச் செய்யாதிருக்க இயலாது என்றும் கூறி அவர் மண்டியிட்டார். வந்தவர் கிறித்தவராக இருக்கலாம் என்று எண்ணி ரிச்சி வியந்தார். வரவேற்றவர் யூதர் என்று எண்ணி ஆய் தியான் நெகிழ்ந்தார். இருவருமே தவறாகக் கருதியிருந்தனர். பேச்சு நீண்டபோதுதான் உண்மை புலப்பட்டது. 'யூதர்' என்னும் பெயரையே அம்முதியவர் அறிந்திருக்கவில்லை. இசுரவேல் மரபினர் என்றே தம்மைக் கூறிக்கொண்டார்.

எபிரேய மொழியில் அச்சிட்ட திருமறை நூல் ஒன்றை ரிச்சி அவர்முன் வைத்தார. அவ்வெழுத்துகள் தம் ஊர்த் தொழுகைக்கூடத்துச் சுருள்களில் உள்ள எழுத்துகளே என்று ஆய் தியான் உடனே அடையாளம் கண்டார். ஆனால், அவற்றை அவரால் வாசிக்க இயலவில்லை. இளமைமுதல் சீன இலக்கியக் கல்வியிலேயே ஈடுபட்டதால் எபிரேயத்தைக் கற்காது விட்டதாகவும், ஊரில் அதனைக் கற்றவர் உள்ளனர் என்றும் அவர் தெரிவித்தார். எழுத்தை அடையாளம் காண முடிகிறது, வாசிக்க முடியவில்லை. பின்னாளில் அச்சமுதாயம் முழுவதற்கும் நேரவிருந்த நிலையை அன்றே அம்முதியவரிடம் காண முடிந்தது.

கல்வெட்டுகள் கூறும் வரலாறு

மஞ்சள் ஆற்றின் தென்புறத்தில் அமைந்த கைஃபெங், வட சாங் அரசமரபின் தலைநகராக 960 முதல் 1127 வரை விளங்கியது. அன்றைய உலகின் பெருநகரங்களுள் அதுவும் ஒன்று. வணிகர்கள் பல நாடுகளிலிருந்தும் அங்கே வந்து தங்கினர். யூதர்களும் அவ்வாறு வந்தவர்களே. 1489ஆம் ஆண்டில் அவர்கள் நிறுவிய கல்வெட்டு, தம் முன்னோர் 'தியான்சு' நாட்டிலிருந்து வந்ததாகக் கூறுகிறது. தியான்சு என்பது பழஞ்சீன நூல்கள் இந்தியாவைக் குறிக்க வழங்கிய பெயராகும். அவர்தம் வழிபாட்டு நூல்களின் இடையிடையே உள்ள குறிப்புகளோ பாரசீக மொழியில் எபிரேய எழுத்தால் எழுதப்பட்டுள்ளன. ஆகவே, பாரசீகத்தோடு நெருங்கிய தொடர்புடைய வணிகக் குடியினர் அவர்கள் என்று ஆய்வாளர் கருதுகின்றனர்.

மேலைநாட்டுத் துணிகளைக் காணிக்கையாகக் கொண்டுவந்த அவர்களை ஏற்றுக்கொண்ட பேரரசர், முன்னோர் வழக்கங்களைப் பேணி அந்நகரிலேயே வாழுமாறு கூறியதாக அக்கல்வெட்டு பெருமையுடன் பதிவு செய்கிறது. 1163ஆம் ஆண்டில் அவர்களின் தொழுகைக்கூடம் கட்டப்பட்டது. தொடர்ந்து 1512, 1663, 1679 ஆகிய ஆண்டுகளிலும் கல்வெட்டுகள் நிறுவப்பட்டன.

இக்கல்வெட்டுகள் சீன மொழியிலேயே அமைந்தவை. ஆபிரகாமைப் பற்றிக் கூறும் கல்வெட்டு, அவரைப் 'பான்கு ஆதாம்' என்பவரின் பத்தொன்பதாம் தலைமுறையினர் என்கிறது. பான்கு என்பவர் சீனத் தொன்மக் கதைகளில் வரும் முதல் மனிதர். ஆதாம் எபிரேயத் திருமறை கூறும் முதல் மனிதர். இருவர் பெயரையும் ஒன்றாக இணைத்த அத்தொடரில் இரு பண்பாடுகளும் கைகோத்து நிற்கின்றன. கன்பூசியரின் நெறிக்கும் தம் நெறிக்கும் வேறுபாடு சிறிதே என்றும் கல்வெட்டு எடுத்துரைக்கிறது.

பெயரும் பழக்கமும்

அண்டை அயலார் இவர்களைத் 'தசைநார் களையும் சமயத்தார்' என்னும் பொருள்படும் சீனப் பெயரால் அழைத்தனர். யாக்கோபு ஓர் இரவு முழுதும் இறைத்தூதருடன் போராடியபோது அவரது தொடைச்சந்து பிசகியது என்பது திருமறைக் கதை. அந்நிகழ்ச்சியின் நினைவாக, விலங்கின் தொடைப்பகுதித் தசைநாரை நீக்கிய பின்னரே இறைச்சியை உண்பது யூதர் வழக்கம். தொழுகையின்போது நீலத் தொப்பி அணிந்ததால் 'நீலத்தொப்பியர்' என்ற பெயரும் இவர்களுக்கு வழங்கியது. பன்றி இறைச்சியை இவர்கள் உண்பதில்லை.

தொழுகைக்கூடம் வெளித்தோற்றத்தில் சீனக் கோயில் போலவே விளங்கியது. வளைந்த கூரைகளும் அடுத்தடுத்த முற்றங்களும் முன்னோர்க்கு நறும்புகை இடும் மண்டபமும் அதில் இருந்தன. வழிபடுவோர் எருசலேம் இருக்கும் மேற்குத் திசை நோக்கி நின்றனர். சீனப் பேரரசரை வாழ்த்தும் பலகை ஒன்று, நாட்டு வழக்கப்படி அங்கே வைக்கப்பட்டிருந்தது. அதற்கு மேலே, இறைவன் ஒருவனே என்னும் மறைமொழி எபிரேயத்தில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட்டிருந்தது. அரசரைப் பணிந்தவாறே, அரசருக்கும் மேலான ஒருவனை நினைவில் வைக்க அம்மக்கள் கண்ட வழி அது.

தெரிந்து தெளிவோம்

எபிரேயத் திருமறையின் முதல் ஐந்து நூல்கள் 'தோரா' எனப்படும். தொழுகைக்கூடத்தில் வாசிக்கும் தோரா, புத்தகமாகக் கட்டப்படாமல் தோலில் கையால் எழுதப்பட்டுச் சுருளாகவே இருக்கும். தோல் துண்டுகளை விலங்கின் நரம்பால் இணைத்துத் தைப்பது பொதுவான மரபு. கைஃபெங்கில் எழுதப்பட்டு இன்று இலண்டன் பிரித்தானிய நூலகத்தில் உள்ள சுருளில், 94 ஆட்டுத்தோல் துண்டுகள் பட்டு நூலால் தைக்கப்பட்டுள்ளன.

வெள்ளமும் மீட்பும்

மஞ்சள் ஆறு கைஃபெங்கை வளர்த்தது. பலமுறை அழித்ததும் அதுவே. 1461ஆம் ஆண்டு வெள்ளத்தில் தொழுகைக்கூடம் அழிந்து, மீண்டும் கட்டப்பட்டது. 1642இல் நேர்ந்ததோ பேரழிவு. மிங் அரசமரபின் இறுதிக்காலமான அப்போது, கிளர்ச்சிப் படை நகரை முற்றுகையிட்டிருந்தது. போரின் நடுவே ஆற்றின் கரை உடைக்கப்பட்டு, நகரமே நீரில் மூழ்கியது. தொழுகைக்கூடம் இடிந்தது, மறைச்சுருள்கள் வெள்ளத்தில் சிக்கின.

உயிர் தப்பியோர் ஆற்றின் வடகரையில் ஒதுங்கினர். வீடும் பொருளும் இழந்த அந்நிலையிலும் அவர்கள் முதலில் தேடியது ஏடுகளையே. நீரில் மூழ்கிய கூடத்திற்கு மீண்டும் மீண்டும் சென்று சுருள்களையும் நூல்களையும் மீட்டு வந்தவர்களின் பெயரை 1663ஆம் ஆண்டுக் கல்வெட்டு நன்றியுடன் குறிப்பிடுகிறது. நனைந்து சிதைந்த சுருள்களை உலர்த்தி, ஒப்பிட்டு, குறைந்த இடங்களை நிரப்பி, கற்றோர் கூடிச் செப்பம் செய்தனர். இறுதியில் பதின்மூன்று தோராச் சுருள்கள் உருவாயின. அவற்றுள் ஒன்று மோசேயின் பெயரால் நடுவிடத்தில் வைத்துப் போற்றப்பட்டது.

கூடத்தை மீண்டும் எழுப்பும் பணியில் முன்னின்றவர்களுள் ஒருவர் ஜாவோ யிங்செங். 1646இல் சீனப் பேரரசின் மிக உயர்ந்த அரசுத் தேர்வில் வென்று ஃபூஜியன் மாகாணத்தில் உயர்பதவி வகித்தவர் அவர். சீனக் கல்வியில் முதன்மையும் தம் மரபில் பற்றும் ஒருவரிடமே இருக்க இயலும் என்பதற்கு அவர் எடுத்துக்காட்டு. ஆனால், எல்லாரும் அவரைப் போல் இரண்டையும் சுமக்கவில்லை.

வந்து கண்டவர்கள்

ஆய் தியானைச் சந்தித்த சில ஆண்டுகளில், ரிச்சி சீனத் துறவி ஒருவரைக் கைஃபெங்குக்கு அனுப்பினார். அவர் திருமறை நூல்களின் தொடக்கப் பகுதிகளையும் இறுதிப் பகுதிகளையும் படியெடுத்து வந்தார். ஐரோப்பியப் பதிப்புடன் ஒப்பிட்டபோது இரண்டும் ஒத்திருந்தன. பல்லாயிரம் கல் தொலைவில், தம் இனத்தாருடன் தொடர்பின்றி வாழ்ந்த மக்கள் தம் மறையை அத்துணைச் செம்மையாகக் காத்துவந்திருந்தனர். ரிச்சியின் கல்வியை அறிந்த கைஃபெங் யூதர்கள், பன்றி இறைச்சியை விட்டுத் தம்முடன் வந்து வாழ்ந்தால் தமக்குச் சமயத் தலைவராகலாம் என்று அவருக்கு அழைப்பும் விடுத்தனர். ஆசிரியர் ஒருவர் தேவை என்ற ஏக்கம் அவ்வழைப்பில் ஒலிக்கிறது.

1704இல் ஜான்பவுலோ கொசானி என்னும் இத்தாலியத் துறவி கைஃபெங் யூதர்களைப் பற்றி விரிவான மடல் எழுதினார். எபிரேயம் தமக்குத் தெரியாது என்பதை அவர் மறைக்கவில்லை. அவருக்குப் பின் 1722ஐ ஒட்டி அங்கே சென்ற பிரெஞ்சுத் துறவி ழான் தொமாஞ்சு எபிரேயம் கற்றவர். அவர் தொழுகைக்கூடத்தின் வெளித்தோற்றத்தையும் உட்புறத்தையும் கோட்டோவியங்களாக வரைந்தார். ஓர் ஓவியத்தில், 'மோசேயின் இருக்கை' எனப்பட்ட உயர்ந்த இருக்கையில் சுருளை விரித்து வைத்து ஒருவர் வாசிக்கிறார். அருகில் நிற்பவர்கள் உடன் கவனிக்கின்றனர். அக்கூடம் எவ்வாறு இருந்தது என்பதை இன்று அறிய உதவும் முதன்மைச் சான்றுகள் அவ்வோவியங்களே.

சுருள்களை விலைக்குப் பெற வந்த துறவியர் முயன்றபோது, அம்மக்கள் உறுதியாக மறுத்துவிட்டனர். வாசிப்போர் அன்றும் இருந்தனர். ஆயினும், எபிரேயச் சொற்கள் சீன ஒலிப்புக்கேற்ப மாறியிருந்தன. பொருளுணர்ந்து விளக்குவோர் குறைந்துகொண்டே வந்தனர். 1724இல் பேரரசர் கிறித்தவத் துறவியரின் பணிக்குத் தடை விதித்தபின், வெளியுலகினர் எவரும் நூறாண்டுகளுக்கு மேல் கைஃபெங் யூதரைச் சென்று காணவில்லை.

நின்றுபோன வாசிப்பு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சமுதாயத்தின் இறுதி ரபி மறைந்தார். ரபி என்பவர் யூதர்களின் சமய ஆசிரியர். அவருக்குப் பின் அவ்விடத்தில் அமர எவரும் இல்லை. வேற்றூரிலிருந்து ஒருவரை அழைத்துவர, தொடர்பிலிருந்த யூதச் சமுதாயம் வேறெதுவும் இல்லை. சுருள்கள் இருந்தன, அவற்றைத் திறந்து வாசிக்க ஆளில்லை.

1850 டிசம்பரில் சாங்காயிலிருந்து கிறித்தவச் சீனர் இருவர் கைஃபெங்குக்கு அனுப்பப்பட்டனர். சிதைந்துவந்த கூடத்தையும் வறுமையில் வாடிய மக்களையும் அவர்கள் கண்டனர். கூடத்தின் வளாகத்திலேயே சிலர் குடிசையிட்டு வாழ்ந்தனர். எபிரேயம் அறிந்தவர் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக எவருமில்லை என்று அங்கிருந்தோர் கூறினர். அடுத்த ஆண்டு அவ்விருவரும் மீண்டும் வந்து, ஆறு தோராச் சுருள்களையும் பல சிறு நூல்களையும் விலைக்கு வாங்கிச் சென்றனர். நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன் விற்க மறுத்த குடியினரின் வழித்தோன்றல்கள் அவற்றை விற்றனர். இதனை அவர்தம் குறை என்று கடிந்துரைப்பது எளிது. பசித்த வயிறும் வாசிக்கத் தெரியாத ஏடும் ஒரே கூரையின்கீழ் இருந்தன என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கடைத்தெருவில் ஒரு சுருள்

1866 பிப்ரவரியில் அமெரிக்கப் பாதிரியார் வில்லியம் மார்ட்டின் கைஃபெங்கை அடைந்தார். தொழுகைக்கூடம் இருக்கும் இடத்தைக் கேட்டு அங்கே சென்றார். கூடம் இல்லை. வெட்டவெளியில் பழைய கல்வெட்டு ஒன்று மட்டும் தனித்து நின்றது. அதன் பீடத்தின்மீது ஏறி நின்ற அவர், கூடிய மக்களிடம், அம்மரபினர் எவரேனும் அங்கே உள்ளனரா என்று வினவினார். கூட்டத்திலிருந்து இளைஞர் ஒருவர் தாம் அம்மரபினர் எனக் கூறி, அருகிலிருந்த மற்றொருவரையும் சுட்டிக்காட்டினார்.

பின்னர் அவரிடம் வந்து பேசியவர்கள், வறுமையால் கூடத்தைத் தாங்களே இடித்து மரத்தையும் கல்லையும் விற்றுவிட்டதாக ஒப்புக்கொண்டனர். மற்றொரு செய்தியையும் அவர்கள் தெரிவித்தனர். எஞ்சியிருந்த தோற்சுருளைக் கடைத்தெருவில் மக்கள் பார்வைக்கு வைத்திருந்தார்களாம். விற்பதற்காக அவர்கள் அதை வைக்கவில்லை. அவ்வழியே செல்லும் பயணிகளுள் அம்மொழி அறிந்த யூதர் ஒருவரேனும் இருக்கமாட்டாரா, அவர் நின்று வாசித்துத் தம் முன்னோர் மொழியை மீண்டும் கற்பிக்கமாட்டாரா என்னும் நம்பிக்கையே காரணம். அவ்வாறு எவரும் வரவில்லை.

எதனால் நேர்ந்தது?

கைஃபெங் யூதர்களைச் சீனர் பகைக்கவில்லை. சமயத்தின் பெயரால் ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் யூதர் அடைந்த துன்பத்தைக் கைஃபெங்கில் அவர்கள் அடையவில்லை. கல்வியும் பதவியும் அவர்களுக்குத் திறந்தே இருந்தன. அரசுத் தேர்வில் வெல்லச் சீனச் செவ்வியல் நூல்களைப் பல்லாண்டுகள் பயில வேண்டும். வென்றவர் தொலைவிலுள்ள மாகாணங்களுக்குப் பணியேற்றுச் செல்ல வேண்டும். திறன்மிக்க பிள்ளைகள் அவ்வழியே சென்றனர். எபிரேயம் கற்பதால் பதவி கிடைக்கவில்லை. கற்றவர் மதிப்பு வீட்டளவில் நின்றது. சீனக் குடும்பங்களுடன் திருமண உறவும் வளர்ந்தது. பதினேழாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட அவர்களின் நினைவேட்டில் மறைந்தோர் பெயர்கள் எபிரேயத்திலும் சீனத்திலும் காணப்படுகின்றன. வேற்றினத்திலிருந்து மணம்புரிந்து வந்த பெண்கள் அதில் 'ஆதாமின் மகள்' எனக் குறிக்கப்பட்டுள்ளனர்.

இவற்றுடன் வெள்ளமும் வறுமையும் சேர்ந்தன. மக்கள்தொகை சிறிது, பிற யூதருடன் தொடர்பு அறுந்தது, ஆசிரியர் மறைந்தார். ஒவ்வொரு காரணமும் தனித்து வந்திருந்தால் அவர்கள் தாங்கியிருப்பர். 1642இன் பேரழிவையே தாங்கினார்கள் அல்லரோ! அன்று ஏடுகள் நனைந்தன. ஆனால், அவற்றைச் சரிபார்க்கக் கற்றோர் இருந்தனர். 1850இல் ஏடுகள் இருந்தன, கற்றோர் இல்லை. ஏடு சிதைந்தால் கற்றவரால் அதை மீட்க முடியும். கற்றவர் மறைந்தால் ஏட்டால் அவரை மீட்க முடியாது.

எஞ்சியவை

கைஃபெங் சுருள்கள் இன்று இலண்டன், ஆக்சுபோர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட இடங்களிலுள்ள நூலகங்களில் பாதுகாக்கப்படுகின்றன. நினைவேடும் வழிபாட்டு நூல்களும் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரிலுள்ள எபிரேய ஒன்றியக் கல்லூரி நூலகத்தில் உள்ளன. எபிரேயம் அறிந்தோர் இன்று அவற்றைத் தடையின்றி வாசிக்கின்றனர். எஞ்சியுள்ள கல்வெட்டுகள் கைஃபெங்கிலேயே உள்ளன. கூடம் இருந்த பகுதியை ஒட்டிய சந்து ஒன்றின் பெயர் இன்றும் 'மறை கற்பிக்கும் சந்து' எனப் பொருள்படும்.

அம்மரபில் வந்த குடும்பங்கள் இன்றும் அந்நகரில் வாழ்கின்றன. தோற்றத்தாலும் மொழியாலும் அவர்கள் சீனரே. ஆயினும், பன்றி இறைச்சியை உண்ணக் கூடாது என்று பாட்டனார் சொன்னதையும், தாங்கள் இன்ன குடியினர் என்பதை மறவாதிருக்குமாறு தந்தையார் பணித்ததையும் அவர்களுள் சிலர் நினைவுகூர்கின்றனர். அண்மைக் காலத்தில் சிலர் எபிரேய எழுத்துகளைத் தொடக்கத்திலிருந்து கற்கவும் முற்பட்டனர். எழுத்து மறைந்தபின்னும் 'நாங்கள் யார்' என்னும் வினா அவர்களிடம் மறையவில்லை. கடைத்தெருவில் சுருளை விரித்து வைத்துக் காத்திருந்தவர்களும் அவ்வினாவையே வழிப்போக்கரிடம் கேட்டனர்.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் வீட்டுப் பெரியோரிடம் பேசி, இன்று வழக்கில் இல்லாத சொற்கள் பத்தினைத் தொகுத்து, அவை வழக்கொழிந்த காரணத்தை வகுப்பில் எடுத்துரைக்க.
2. 'வறுமையில் ஏடுகளை விற்றது பிழையா?' என்னும் தலைப்பில் இரு குழுக்களாகப் பிரிந்து கலந்துரையாடுக.

நம்மை அளவிடுவோம்

பலவுள் தெரிக

1. கைஃபெங்கில் யூதர்களின் தொழுகைக்கூடம் முதன்முதலில் கட்டப்பட்ட ஆண்டு
அ) 960 ஆ) 1163 இ) 1489 ஈ) 1642

குறுவினா

2. 'தியான்சு' என்னும் பெயர் எந்நாட்டைக் குறிக்கும்? அது எக்கல்வெட்டில் இடம்பெற்றுள்ளது?
3. கைஃபெங் யூதர்கள் 'தசைநார் களையும் சமயத்தார்' எனப்பட்டது ஏன்?

சிறுவினா

4. ஆய் தியான், ரிச்சி ஆகிய இருவரும் ஒருவரையொருவர் தவறாகக் கருதியது எவ்வாறு?
5. தொழுகைக்கூடத்தில் பேரரசரின் பலகைக்கு மேலே மறைமொழி பொறிக்கப்பட்டது எதனை உணர்த்துகிறது?

நெடுவினா

6. 1642இல் ஏடுகளை மீட்ட சமுதாயம், 1866இல் அவற்றை வாசிக்க ஆள் தேடி நின்றதற்கான காரணங்களைத் தொகுத்து எழுதுக.